கடல் நிறப் படகு

“ஒண்ணுகூடவா வராது?”

கோவிந்தம்மா இதைக் கேட்பது மூன்றாவது தடவை. முதலில் கெஞ்சிக் கேட்டாள், பிறகு அழுது கேட்டாள். இப்போது லோகநாதன் வீட்டு இரும்புக் கேட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக்கொண்டே கேட்டதில், தெருமுனையில் போண்டா போடுகிறவர் கரண்டியும் கையுமாக வந்து நின்றுவிட்டார். நாங்கள் அதற்கு முன்பே வந்து நல்ல இடமாகப் பிடித்திருந்தோம்.

“கத்தாதம்மா. விமானப்படைன்னா இன்னா ஏதுன்னு விளக்கமா சொல்றேன், கேளு,” என்றார் லோகநாதன். கேட்டுக்கு உள்பக்கம் நின்றுகொண்டுதான் சொன்னார்.

“வெளக்கம்லாம் கார்கில் சண்டையப்பவே கேட்டாச்சுய்யா. மிக்குன்னே, மிராஜுன்னே, ஜாகுவாருன்னே. பனிமலைல பதுங்கிகினு கீறவன மேல இருந்தே பாத்துருவோம்னு சொன்னியா இல்லியா? நம்ம கடல்ல மூணு ஆம்பள கீறாங்க. அவங்களப் பாக்க ஒரு ஏரோப்ளேன் இல்லியா உங்கிட்ட?”

“உங்கிட்ட” என்று அவள் சொன்னதில் தப்பே இல்லை. அவர் பேச்சே அப்படித்தான். “நம்மகிட்ட அது இத்தனை இருக்கு, நம்மகிட்ட இது இத்தனை இருக்கு” என்பார். கேட்கிறவர்களுக்கு எல்லாவற்றையும் கொல்லையில் கட்டிப்போட்டுத் தீனி வைக்கிறார் என்றுதான் தோன்றும்.

அன்றைக்கு அந்தக் கொல்லையிலிருந்து ஒன்றையும் அவிழ்த்துவிட முடியவில்லை. மிக் வானத்தைக் காவல் காப்பது, அது போகிற வேகத்தில் கடலில் படகைப் பார்ப்பது நடக்காது என்றார். ஜாகுவார் எதிரியின் இடத்தில் போய்க் குண்டு போட்டுவிட்டு வருவது. அன்டோனோவ் ஆளையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு போவது. அதைவிடப் பெரிய இல்யூஷின் டாங்கியையே தூக்குவது. தாம்பரத்தில் இருப்பவை பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக. கடலில் ஆளைத் தேடுவது கடலோரக் காவல் படையின் வேலை, அவர்களிடம் அதற்கென்றே இரண்டு இன்ஜின் வைத்த சின்ன விமானம் இருக்கிறது, குப்பத்துத் தலைவர் போய்ச் சொல்லியிருக்கிறார், கட்டாயம் வரும் என்றார். அத்தனையும் உண்மைதான். ஆனால் புருஷனும் ஒரே பிள்ளையும் கடலிலிருந்து திரும்பாதவளிடம் அதைச் சொன்னது, ரேஷன் கடையில் அரிசி கேட்டவளை மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கச் சொன்ன மாதிரி இருந்தது.

கோவிந்தம்மாவின் புருஷன் எத்திராஜ், மகன் மணி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து அவர்களோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்த மாசானம். இந்த மூன்று பேரும் திங்கட்கிழமை விடியற்காலையில் நெட்டுக்குப்பத்திலிருந்து பைபர் படகில் போனார்கள். அப்போது வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மத்தியானம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். மற்றப் படகுகள் காற்று திரும்பியதுமே கரைக்கு வந்துவிட்டன.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. காற்று திரும்பி ஒருவன் கரைக்கு வருகிறான் என்றால், வழியில் கண்ணில் படுகிற ஒவ்வொரு படகுக்கும் துண்டை வீசிச் சொல்லிவிட்டுத்தான் வரவேண்டும். பங்காளிச் சண்டை, வெட்டுக்குத்து, எது இருந்தாலும் சரி, அதைக் கரையில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் எத்திராஜ் படகைப் பார்க்கவே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். கோவிந்தம்மா நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்பதற்கும் காரணம் இருந்தது.

அந்த வருஷம் ஆடியிலிருந்து எத்திராஜுக்கு மட்டும் மீன் கொட்டிக்கொண்டிருந்தது. கடலுக்கடியில் பாறை இருக்கிற இடத்தில் மீன் அண்டும். அதைப் ‘பார்’ என்பார்கள். யாருக்கும் தெரியாத ஒரு பாரை எத்திராஜ் கண்டுபிடித்துவிட்டான் என்பது ஊருக்கே தெரியும், எங்கே என்பதுதான் தெரியாது. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியை அடையாளத்துக்கு எதற்கு நேராக வைத்துப் போகிறான் என்று பார்க்க நாலு படகு அவன் பின்னாலேயே போகும். அவன் ஒருநாள் வடக்கே போவதுபோலப் போய்த் தெற்கே திரும்புவான். அவர்களும் திரும்புவார்கள். புதுப் பெண்டாட்டி பின்னால்கூட எவனும் அப்படிச் சுற்றியிருக்க மாட்டான். அந்தக் காய்ச்சலில்தான் காற்று திரும்பியதைச் சொல்லாமல் வந்துவிட்டார்கள் என்பது கோவிந்தம்மாவின் கணக்கு. செவ்வாய்க்கிழமை முழுக்கப் படகுக்காரர் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் மண்ணை வாரித் தூற்றினாள். புதன்கிழமை காலையில் மண் தூற்ற வாசல் மிச்சமில்லை என்பதால் லோகநாதன் வீட்டுக்கு வந்தாள்.

லோகநாதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். விமானப்படையில் இருபது வருஷம். அம்பாலா, பூனா என்று ஊர் ஊராக இருந்துவிட்டு, சார்ஜென்ட்டாக ஓய்வு பெற்று, எங்கள் தெருவில் வீடு கட்டிக்கொண்டு வந்தார். எண்ணூரில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் வேலை. மனைவி ஞானம் வாய் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை. மகள் மகிழினி கல்லூரியில் பி.காம். முதல் வருஷமெல்லாம் அவரை யாரும் சீண்டவில்லை. கார்கில் சண்டை வந்ததும் மனிதருக்குச் சுக்கிர திசை. டீக்கடை டிவியில் விமானத்தைக் காட்டும்போதெல்லாம் அவர்தான் விளக்கம். இதன் மூக்கு இப்படி, அதன் வால் அப்படி, இதை ஓட்டுவது கோயில் தேரை இழுப்பது மாதிரி, அதை ஓட்டுவது ஐஸ்மேல் சறுக்குவது மாதிரி. பிள்ளைகள் பைலட் மாமா என்று கூப்பிட ஆரம்பித்தன. அவர் தன்னைப் பைலட் என்று ஒருநாளும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. யாராவது அழுத்தி, அங்கே உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டால், அம்பாலாக் குளிரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

புதன்கிழமை மத்தியானம் மழை விட்டதும் அந்தச் சின்ன விமானம் வந்தேவிட்டது. சத்தம் கேட்டதுமே, பார்க்காமலேயே, “டார்னியர்” என்றார் லோகநாதன். குப்பமே மணலில் நின்றது. விமானம் கடலுக்கு மேலே நேராகப் போய், கொஞ்சம் தள்ளித் திரும்பி, மறுபடி நேராக வந்தது. வலையில் கண் விடாமல் பின்னுகிற மாதிரி, ஓர் இடம் பாக்கியில்லாமல் பார்க்கிறார்கள் என்று சொன்னார். கோவிந்தம்மா அவர் பக்கத்திலேயே நின்று, காலையில் கத்தியதையெல்லாம் மறந்து, விமானம் திரும்பும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்த்தாள். மருத்துவமனையில் டாக்டர் முகத்தைப் பார்ப்பார்களே, அப்படி.

சாயங்காலம் குப்பத்துத் தலைவர் துறைமுகத்திலிருந்து வந்தார். போர்வை மாதிரி விரித்துத் தேடியாகிவிட்டது, பச்சையில் மஞ்சள் பட்டை போட்ட படகு எதுவும் கண்ணில் படவில்லை, நாளைக்கும் தேடுவார்கள் என்றார்.

“இன்னா கலர் சொன்னீங்க?” என்று கேட்டார் லோகநாதன்.

“பச்சை மஞ்சள்தான். எத்திராஜோட போட்டுக்கு வேற இன்னா கலரு?”

லோகநாதன் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். போன விதம் எங்களுக்கு அப்போதே பிடிக்கவில்லை. முருங்கைக் கிளை முறிவதற்கு முன்னால் ஒரு சத்தம் வரும், அந்த மாதிரி ஓர் இருமல் இருமிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலையில் தண்ணீர் லாரி வந்தபோது ஞானம் குடத்தோடு வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. வீட்டுக்காரர் சோறு தின்னவில்லை, படுக்கவில்லை, போன வாரம் பாழாக்கிக்கொண்டு வந்த பனியனை எடுத்து வைத்துக்கொண்டு அதையே பார்க்கிறார் என்றாள். ஞானம் இவ்வளவு பேசியதே எங்களுக்குப் பயமாக இருந்தது. அவள் குடத்தை நிரப்பாமலேயே திரும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில், கன்றுக்குட்டியை ஓட்டி வருகிற மாதிரி, லோகநாதனை முன்னால் நடக்கவிட்டுக் கடற்கரைக்கு வந்தாள். கோவிந்தம்மா அங்கேதான் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். அவருடைய கையில் அந்தப் பனியன் இருந்தது. நெஞ்சு முழுக்கச் சாம்பலும் நீலமும் கலந்த ஒரு நிறம்.

“எத்திராஜ் போட்டு பச்சை இல்லம்மா,” என்றார்.

“இன்னாய்யா சொல்ற? பொங்கலுக்கு நானே கூட நின்னு அடிச்ச பெயிண்ட்டு.”

“போன வாரம் மாத்திட்டோம். இதான் இப்போ அதோட கலரு.”

பிறகு அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டீக்கடையில் ஒருநாள், கடல் மேல் போகிற விமானத்துக்கு ஏன் தனி நிறம் என்று விளக்கியிருக்கிறார். மேலேயிருந்து பார்க்கிறவனுக்குக் கடலோடு கடலாகத் தெரிய வேண்டும், விமானம் இருப்பதே தெரியக்கூடாது என்று. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள், டீயைக் குடித்தார்கள், போனார்கள். எத்திராஜ் மட்டும் போகவில்லை. அந்த நிறம் தன் படகுக்கு வேண்டும் என்றான். பின்னால் வருகிறவர்களுக்குப் படகு தெரியாவிட்டால் பாருக்கு நிம்மதியாகப் போகலாமே. லோகநாதனுக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. அத்தனை வருஷத்தில் அவருடைய கைவேலையை ஒருவன் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. ரிப்பேர் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் படகை முகத்துவாரத்துக்கு உள்ளே, அனல்மின் நிலையத்துச் சாம்பல் தண்ணீர் வந்து விழுகிற பக்கம் கொண்டுபோனார்கள். அங்கே காக்காய்கூட உட்காராது. இரண்டு பேருமாக அடித்து முடித்தார்கள். திங்கட்கிழமைதான் அந்த நிறத்தில் முதல் பயணம். விடியாத இருட்டில் அங்கிருந்தே கிளம்பியதால் கரையில் யாரும் பார்க்கவில்லை.

நிறம் நன்றாகத்தான் வேலை செய்தது. பின்னால் போகிறவர்கள் அன்றைக்கு எத்திராஜைத் தவறவிட்டார்கள். காற்று திரும்பியபோது துண்டு வீச வேண்டியவர்களும் தவறவிட்டார்கள். சத்தியம் செய்தவர்கள் பொய் சொல்லவில்லை.

கோவிந்தம்மா பனியனை வாங்கி விரித்துப் பார்த்தாள். “நீ ஏரோப்ளேன் ஓட்டினவனாச்சே. உனுக்கு எப்டிய்யா தெரியும் பெயிண்ட் கலக்க?”

“நான் ஓட்டலம்மா. பெயிண்ட்தான் அடிச்சேன். இருவது வருஷமும் அதான் வேலை.”

வேறு நாளாக இருந்திருந்தால் இந்த ஒரு வார்த்தையை வைத்தே நாங்கள் தை பிறக்கும்வரை சிரித்திருப்போம். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

“மேல இருந்து பாத்தா தெரியுமா, தெரியாதா? அத்த மட்டும் சொல்லு.”

“தெரியக் கூடாதுன்னுதாம்மா கலந்தேன்.”

“எதுவுமே தெரியாதா?”

லோகநாதன் கடலைப் பார்த்தார். “அடிப்பக்கம் பழைய சிவப்பு அப்படியே கீது. தண்ணிக்குள்ள கீறத எவன் பாக்கப்போறான்னு எத்திராஜ்தான் வுட்டுட சொன்னாரு.”

சொன்னது விளங்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. படகின் அடிப்பக்கம் மேலே தெரிய வேண்டுமானால் படகு கவிழ்ந்திருக்க வேண்டும்.

கோவிந்தம்மா எழுந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்தாள். அடிக்கப் போகிறாள் என்று இரண்டு பேர் குறுக்கே வந்தார்கள். அவள் அடிக்கவில்லை. காலரை விடாமல் ரோட்டுவரை இழுத்துக்கொண்டு போய், ஓர் ஆட்டோவை மறித்து அவரை உள்ளே தள்ளி, அவளும் ஞானமும் ஏறிக்கொண்டார்கள். ராயபுரம் போகிற வழியெல்லாம் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. கல்மண்டபம் வரைக்கும் ஆட்டோ ஊர்ந்தது. அவள் அப்போதும் காலரை விடவில்லை என்று ஞானம் பிறகு சொன்னாள்.

கடலோரக் காவல் படை அதிகாரி சின்ன வயதுக்காரர். திட்டவில்லை. பனியனை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இதை அந்தத் தண்ணீரில் எப்படிப் பார்ப்பது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். லோகநாதன் அவர் எதிரே விறைப்பாக நின்று, நிறத்தைச் சொல்லி, கடைசியில், கவிழ்ந்திருந்தால் மட்டும் சிவப்பாகத் தெரியும் சார் என்று சொன்னார். அதைச் சொல்லும்போது பக்கத்தில் நிற்கிறவளைப் பார்க்கவில்லை. அதிகாரி போனை எடுத்தார்.

திரும்பி வரும்போது திருவொற்றியூரில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லிக் கோவிந்தம்மா கோயில் வாசலில் இறங்கினாள். கைகூப்பினாள். கூப்பியபடியே நின்றாள்.

“யம்மா ஞானம்,” என்று திரும்பிக் கேட்டாள். “செவப்பு தெரியணும்னு வேண்டிக்கறதா, தெரியக்கூடாதுன்னு வேண்டிக்கறதா?”

ஞானம் அவள் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள்.

அன்று மத்தியானமே விமானம் மறுபடி வந்தது. சாயங்காலம் தலைவர் மணலில் செருப்பைக் கழற்றாமல் ஓடிவந்தபோதே செய்தி இருக்கிறது என்று தெரிந்தது. மாமல்லபுரத்துக்குக் கிழக்கே, ரொம்ப தூரத்தில், சிவப்பாக ஒன்று மிதக்கிறது. மேலே ஆள் இருக்கிற மாதிரி தெரிகிறது. எத்தனை ஆள் என்று தெரியவில்லை. கப்பல் போய்க்கொண்டிருக்கிறது.

பெண்கள் குலவை போட வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்கள். கோவிந்தம்மா, “மூணா?” என்று கேட்டாள். தலைவர் அதையே மறுபடி சொன்னார். அவள் மறுபடியும் “மூணா?” என்றாள். வெள்ளிக்கிழமை காலையில் கப்பல் அவர்களைக் கொண்டுவந்து இறக்கும்வரை வேறு வார்த்தை பேசவில்லை.

இறங்கியது இரண்டு பேர். மணியும் மாசானமும். உப்பில் தோல் வெடித்து, ஆளுக்கு ஒரு போர்வையில் நின்றார்கள்.

நடந்ததை மணி சொன்னான். திங்கட்கிழமை அலையில் இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டது. இழுத்த பக்கம் போனார்கள். புதன்கிழமை விமானம் அவர்கள் தலைக்கு மேலேயே வந்திருக்கிறது. மூவரும் லுங்கியை அவிழ்த்து வீசியிருக்கிறார்கள். போய்விட்டது. திரும்பி வந்தது, மறுபடி போய்விட்டது. விமானத்தின் வயிற்றில் எழுதியிருந்த எழுத்துகூடக் கண்ணுக்குத் தெரிந்தது என்றான். அவர்களுக்கு அது அத்தனை நன்றாகத் தெரிந்தது, அதற்கு அவர்களைத் தெரியவில்லை.

“நைனா அப்போ சிரிச்சாரும்மா,” என்றான் மணி. “‘நல்ல பெயிண்ட்டுடா’ன்னாரு. அப்புறம் ராத்திரிலாம் பேசல. காலைல, ‘போட்ட கவுத்துருவோம், செவப்பு மேல வரட்டும்’னாரு. நாங்க வேணாம்னோம். கவுத்தா குடிதண்ணி, வலை, ஒண்ணும் மிஞ்சாதுன்னு மாசானம் அழுதான். ‘ஆளு மிஞ்சணும்டா’ன்னாரு.”

மூவரும் ஒரு பக்கமாகத் தொங்கி, அலை தூக்குகிற நேரம் பார்த்து, கவிழ்த்துவிட்டார்கள். படகு புரண்டபோது வலையும் சேர்ந்து சரிந்தது. எத்திராஜின் கால் அதில் மாட்டிக்கொண்டது. மணி இரண்டு தடவை முங்கிப் பார்த்தான். மூன்றாவது தடவை அவனை முங்க விடாமல் மாசானம் தலைமயிரைப் பிடித்துக்கொண்டான்.

எத்திராஜ் கரைக்கு வரவேயில்லை. காரியத்துக்கு அவனுடைய சட்டையை வைத்துத்தான் எல்லாம் செய்தார்கள். பதினாறாம் நாள் முடிந்ததும், லோகநாதனைப் பஞ்சாயத்தில் நிறுத்தித் தெருவை விட்டே அனுப்ப வேண்டும் என்று சிலர் துள்ளினார்கள். துள்ளியவர்களில் பாதிப் பேர் எத்திராஜ் பின்னால் பாரைத் தேடிப் போனவர்கள். கோவிந்தம்மாதான் தடுத்தாள். “கேட்டது எங்க வூட்டு ஆளு. இன்னொருத்தன் பாக்கக்கூடாதுன்னு ஆசப்பட்டதும் எங்க வூட்டு ஆளுதான். எவன் வூட்டு முன்னாடியும் எனுக்கு வேல இல்ல,” என்றாள். மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு அவர் இருக்கிற பக்கம் அவள் திரும்பியதில்லை.

யாரும் அனுப்பாமலேயே லோகநாதன் போய்விட்டார். டிவியில் விமானம் வந்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். பிள்ளைகள் பைலட் மாமா என்று கூப்பிடுவதை நிறுத்தின. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் கூப்பிடவே இல்லை. அடுத்த சித்திரையில் வீட்டை விற்றுவிட்டுத் தாம்பரத்துக்குக் குடிபோனார்கள். விமானச் சத்தமே வேண்டாம் என்கிற மனிதர் ஏன் அங்கே போனார் என்று ஞானத்திடம் கேட்டோம். அங்கே தம்பி வீடு இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

மாசானம் ஊருக்கே போய்விட்டான். அங்கே உப்பளத்தில் வேலை என்று கேள்வி. கடல் பக்கமே போவதில்லையாம்.

இரண்டு வருஷம் கழித்து மகிழினிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ஞானம் பத்திரிகையும் பழமும் தட்டில் வைத்துக்கொண்டு தனியாக வந்தாள். எங்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டுக் கடைசியாகக் கோவிந்தம்மா வீட்டுக்குப் போனாள். நாங்களும் பின்னாலேயே போனோம். கோவிந்தம்மா தட்டை வாங்கிக்கொண்டாள். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டாள்.

“ஏர்ஃபோர்ஸுதாங்க்கா,” என்றாள் ஞானம், தரையைப் பார்த்துக்கொண்டு.

“அதுல இன்னா வேலன்னு நல்லா கேட்டுக்கினீங்களா?”

“கேட்டுக்கிட்டோம்க்கா. ஆபீஸ்ல கணக்கு எழுதறாரு. அவரே மொதல்ல அத்தத்தான் சொன்னாரு.”

“அப்போ குடுக்கலாம்,” என்றாள் கோவிந்தம்மா. கல்யாணத்துக்குப் போகவில்லை. மணியைப் போகச் சொன்னாள். அவன் பந்தியில் உட்காராமல் மொய் எழுதிவிட்டு வந்தான்.

மணி அதற்கு அடுத்த தையில் காசிமேட்டுப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கமே போய்விட்டான். புதுப் படகுக்கு உள்ளும் வெளியும் ஆரஞ்சு நிறம் அடித்திருக்கிறான். பார்த்தால் கண் கூசும். அப்பா கண்டுபிடித்த பார் எங்கே என்று அவனுக்குத் தெரியும், அங்கே அவன் போவதில்லை. கோவிந்தம்மா அவனோடு போகவில்லை. நெட்டுக்குப்பத்து வீட்டிலேயேதான் இருக்கிறாள்.